பணியிட இடைவேளையும் கண்காணிப்புப் பதிவும்: சட்டமும் நிர்வாகவியலும் சந்திக்கும் இடம்

ஆய்வுச்சுருக்கம்

தொழிலாளர் சட்டங்கள் இடைவேளையைத் தொழிலாளியின் உரிமையாக வரையறுக்கின்றன. பணியிடங்களில் பரவிவரும் நேரக் கண்காணிப்பு முறைகளோ அதே இடைவேளையை உற்பத்தி இழப்பாகக் கணக்கிடுகின்றன. ஒரே அரைமணி நேரம் இரு வேறு ஏடுகளில் இரு வேறு பொருளில் பதிவாகும் இந்நிலையை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்களின் வரலாறு, டெய்லர், மேயோ ஆகியோரின் ஓய்வு குறித்த ஆய்வுகள், அழைப்பு மையம், ஜவுளிக்கடை, ஆயத்த ஆடைக்கூடம் ஆகியவற்றின் நடைமுறைகள், பிரான்சு, கலிபோர்னியா ஆகிய இடங்களின் அண்மைக்கால முடிவுகள் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இடைவேளையைப் பதிவுசெய்வதா வேண்டாமா என்பதைவிட, அப்பதிவு யாருடைய கையில் உள்ளது, யாருக்குச் சான்றாகிறது என்பதே அடிப்படை வினா என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இடைவேளை, ஓய்வு, பணிநேரக் கண்காணிப்பு, தொழிற்சாலைச் சட்டம், அழைப்பு மையம், தனியுரிமை, பெண் தொழிலாளர்.

முன்னுரை

'இடைவேளை' என்னும் சொல் இரண்டு வேளைகளுக்கு இடைப்பட்டது என்னும் பொருளைத் தருவது. 'ஓய்வு' என்பதோ ஓய்தல் என்னும் வினையடியாகப் பிறந்து, செயல் நின்றுவிடுவதைக் குறிப்பது. முன்னது கடிகாரத்தைச் சார்ந்த சொல்; பின்னது உடலைச் சார்ந்த சொல். பணியிடச் சிக்கலின் வேர் இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ளது. நிர்வாகம் இடைவேளையை அளக்கிறது. தொழிலாளிக்கு வேண்டியது ஓய்வு. அளக்கப்பட்ட இடைவேளை முழுதும் வழங்கப்பட்ட பின்னரும் ஓய்வு கிட்டாமற் போகலாம்.

பணிநேரம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் எட்டு மணிநேர வேலை, மிகைநேர ஊதியம், வார விடுமுறை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. வேலைநாளின் உள்ளே அமைந்த சிறு இடைவெளிகள் தனித்த கவனம் பெறுவது குறைவு. ஆயினும் தொழிலாளியின் உடல்நலம், தன்மதிப்பு, உடன் பணியாற்றுவோருடன் கொள்ளும் உறவு ஆகிய மூன்றும் இவ்விடைவெளிகளிலேயே நிலைபெறுகின்றன. வருகைப்பதிவேடு ஒரு நாளைக்கு இருமுறை எழுதப்பட்ட காலம் போய், கணினி ஒவ்வொரு நொடியையும் எழுதும் காலம் வந்துள்ளதால், இச்சிறு இடைவெளிகளை ஆராய வேண்டிய தேவையும் மிகுந்துள்ளது.

1. சட்டத்தில் இடைவேளை

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டமான 1881ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைத் தொழிலாளருக்கு மட்டுமே ஒருமணி நேர இடைவேளையை உறுதிசெய்தது. 1891ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களுக்கு 11 மணிநேர வேலைக்கு ஒன்றரை மணிநேர இடைவேளையையும், பொதுவாகத் தொழிற்சாலைகளில் நண்பகலில் அரைமணி நேர நிறுத்தத்தையும் கொண்டுவந்தது. வளர்ந்த ஆண்களின் வேலைநேரத்திற்கு வரம்பு கட்டப்படுவதற்கு முன்பே அவர்களுக்கு நண்பகல் இடைவேளை கிடைத்துவிட்டது என்பது கருதத்தக்கது.

சென்னையின் தொழிற்சங்க வரலாற்றிலும் இடைவேளைக்கு முதன்மையான இடம் உண்டு. 1918 ஏப்ரல் 27இல் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. கோ. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதற்குக் களம் அமைத்தவர்கள். திரு. வி. கலியாணசுந்தரனாரும் சங்கப் பணியில் இணைந்தார். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் தொடக்கத்தில் முன்வைத்த குறைகளுள் மதிய உணவு இடைவேளையின் குறுக்கமும் ஒன்று. கை கழுவி, வரிசையில் நின்று வெளியேறி, உண்டு, மீண்டும் வாயில் கடந்து இயந்திரத்தின்முன் நிற்பதற்குள் உணவு நேரம் கரைந்துவிடும். ஆலைத் தொழிலாளியைப் பொறுத்தவரை இடைவேளையின் நீளம் சங்கொலிகளுக்கு இடைப்பட்ட நேரம் அன்று. இலையின்முன் அமர்ந்திருக்கும் நேரமே.

விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, குறைந்தது அரைமணி நேர ஓய்வு இன்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்குமேல் எவரையும் பணியாற்றச் செய்தல் கூடாது என்றது. 56ஆம் பிரிவு, இடைவேளை உட்பட நாளின் மொத்த விரிவு பத்தரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என வரம்பிட்டது. நின்று வேலை செய்வோர் வாய்ப்புக் கிட்டும்போது அமர்வதற்கான வசதி, 150 தொழிலாளருக்குமேல் உள்ள இடத்தில் ஓய்வறையும் உணவறையும், 250 பேருக்குமேல் உள்ள இடத்தில் உணவகம் ஆகியனவும் அச்சட்டத்தில் இடம்பெற்றன. இடைவேளை என்பது நேரம் மட்டும் அன்று, அதற்கு ஓர் இடமும் வேண்டும் என்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது.

இவற்றினும் கருதத்தக்கது 61ஆம் பிரிவு. தொழிலாளர் எந்நேரம் முதல் எந்நேரம் வரை பணியாற்ற வேண்டும் என்பதைத் தொழிற்சாலையில் அனைவரும் காணுமாறு அறிவிப்பாக ஒட்டவேண்டும். அதற்கு மாறாக வேலை வாங்குதல் கூடாது. இதன்படி இடைவேளை என்பது முன்கூட்டியே வெளிப்படையாக எழுதப்படும் ஒன்று. சுவரில் ஒட்டிய அத்தாளை மேலாளர் படிக்கலாம், தொழிலாளி படிக்கலாம், ஆய்வாளரும் படிக்கலாம். பதிவின் நோக்கம், வேலை வாங்குபவர் வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்வதாக இருந்தது.

கடைகளைப் பொறுத்தவரை, 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒருமணி நேர இடைவேளை இன்றி 4 மணி நேரத்திற்குமேல் வேலை வாங்குவதைத் தடுக்கிறது. தொழிற்சாலைச் சட்டத்தைக் காட்டிலும் தாராளமான ஏற்பாடு இது. எனினும், கடை ஊழியர் நாள்முழுதும் நின்றே பணியாற்றும் வழக்கத்தை இச்சட்டம் நெடுங்காலம் தொடவில்லை. 2010இல் வெளிவந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைப்படம் சென்னை ஜவுளிக்கடை ஊழியரின் வாழ்வைப் பொதுவெளியின் பேசுபொருளாக்கியது. கேரளம் 2018இல் அமரும் உரிமையைச் சட்டமாக்கிற்று. தமிழ்நாடு 2021இல் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என விதித்தது.

2025 நவம்பர் 21 முதல் நடுவண் அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் குறித்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. இத்தொகுப்பின் 25ஆம் பிரிவு 8 மணிநேர வரம்பைச் சட்டத்திலேயே கூறுகிறது. இடைவேளையின் அளவையும் நாளின் விரிவையும் உரிய அரசு அறிவிக்கையால் நிர்ணயிக்குமாறு விடுகிறது. 55ஆம் பிரிவின் அரைமணி நேரத்தை மாற்றுவதாயின் சட்டத்தைத் திருத்தவேண்டும். அல்லது அச்சட்டம் வகுத்த விலக்கு அதிகாரத்திற்குள் நிற்கவேண்டும். அறிவிக்கையை அறிவிக்கையால் மாற்றலாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் நிறைவேறிய, 12 மணிநேர வேலைக்கு வழிவகுத்த சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப்பின் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அறிவிக்கைவழி மாற்றத்திற்கு அத்தகைய பொதுவெளி விவாதம் கட்டாயம் இல்லை.

2. நிர்வாகவியலில் ஓய்வு

நிர்வாகவியல் தொடக்கம் முதலே ஓய்வுக்கு எதிரானது எனக் கருதுவது பிழை. அறிவியல்முறை நிர்வாகத்தின் தந்தை எனப்படும் பிரடெரிக் டெய்லர் ஓய்வை வலியுறுத்தியவர். பெத்லகேம் எஃகு ஆலையில் 92 பவுண்டு எடையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றும் வேலையை அவர் ஆராய்ந்தார். அவ்வெடையைச் சுமப்பவர் நாளின் 43 விழுக்காடு நேரம் மட்டுமே சுமையோடு இருக்க இயலும்; எஞ்சிய 57 விழுக்காடு நேரம் சுமையின்றி இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றியவர் 47 டன் ஏற்றியதாக 1911இல் வெளியான நூலில் அவர் கூறுகிறார். இவ்விவரணையின் நம்பகத்தன்மையைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஐயுற்றுள்ளனர். எனினும் அதில் வெளிப்படும் கருத்துநிலை தெளிவானது: எப்போது தூக்குவது, எப்போது நடப்பது, எப்போது அமர்வது என ஒவ்வொன்றையும் கடிகாரத்தோடு நிற்பவர் சொல்லவேண்டும். டெய்லர் ஓய்வைக் குறைக்கவில்லை. ஓய்வெடுப்பதைத் தீர்மானிக்கும் உரிமையைத் தொழிலாளியிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

எல்டன் மேயோ 1923இல் பிலடெல்பியா நூற்பாலை ஒன்றில் மேற்கொண்ட ஆய்வு இதற்கு மாற்றான பாடத்தைத் தருகிறது. அவ்வாலையின் பிற பிரிவுகளில் ஆண்டுக்கு ஐந்தாறு விழுக்காட்டினரே வேலையை விட்டகன்றனர். ஒரு நூற்புப் பிரிவில் மட்டும் இவ்விகிதம் ஏறத்தாழ 250 விழுக்காடாக இருந்தது. முற்பகலிலும் பிற்பகலிலும் பத்துப்பத்து நிமிட ஓய்வுகள் வழங்கப்பட்டபின் சோர்வு குறைந்து உற்பத்தி உயர்ந்தது. அவசர வேலையைக் காரணம் காட்டி மேற்பார்வையாளர் ஓய்வை நிறுத்தியதும் உற்பத்தி மீண்டும் வீழ்ந்தது. இறுதியில் ஆலைத் தலைவர் ஓய்வு நேரங்களை முறைப்படுத்தும் பொறுப்பைத் தொழிலாளர் குழுக்களிடமே ஒப்படைத்தார். ஓய்வின் அளவும் ஓய்வின்மீதான ஆளுகையும் வெவ்வேறு என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. 1927இல் தொடங்கிய ஹாதோர்ன் ஆலை ஆய்வுகளிலும் இடைவேளையின் எண்ணிக்கையும் நீளமும் மாற்றி மாற்றிச் சோதிக்கப்பட்டன. அவற்றின் முடிவுகள் குறித்த விவாதம் இன்றும் தொடர்வதால் அவற்றை இங்குச் சான்றாகக் கொள்ளவில்லை.

வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய கட்டுரையில், தொடக்ககால ஆங்கிலேய ஆலைகளில் முதலாளிகள் கடிகாரத்தைக் காலையில் முன்னும் மாலையில் பின்னும் நகர்த்தியதையும், தொழிலாளரிடமிருந்த கடிகாரங்கள் பறிக்கப்பட்டதையும் எடுத்துக்காட்டுகிறார். நேரத்தை அளக்கும் கருவி ஒருவர் கையில் மட்டும் இருக்கும்போது, அளவு முறையானதா என்பதை மற்றவர் சரிபார்க்க இயலாது. இன்றைய மென்பொருள் பதிவுகளுக்கும் இது பொருந்தும்.

3. இன்றைய கண்காணிப்பின் செயல்முறை

நூற்பாலையிலும் ஆயத்த ஆடைக்கூடத்திலும் கண்காணிப்பு பெரிதும் மனிதர்வழி நிகழ்வது. நூற்பு இயந்திரம் நிற்காது. ஆகவே ஒருவர் வெளியேற வேண்டுமானால் மாற்றாள் வந்து நிற்கவேண்டும். தையல் வரிசையில் ஒருவர் எழுந்தால் அடுத்தவர்முன் துணி தேங்கும். இவ்வாறு உற்பத்தி அமைப்பே ஒருவகைக் கண்காணிப்பாக இயங்குகிறது. மேற்பார்வையாளர் கடிந்துகொள்வதற்கு முன்பே உடன் பணியாற்றுவோரின் பார்வை அழைக்கிறது. கழிப்பறைக்குச் செல்ல டோக்கன் பெறும் முறை உள்ள கூடங்களில், வரிசைக்கு ஒரு டோக்கன் என்னும்போது உடலின் தேவை பிறரது திரும்பிவருகைக்காகக் காத்திருக்க நேர்கிறது.

அழைப்பு மையத்தில் கண்காணிப்பு மென்பொருள்வழி நிகழ்கிறது. ஊழியர் தம் நிலையைத் தாமே குறியீடாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழைப்புக்கு ஆயத்தம், அழைப்பில், தேநீர் இடைவேளை, உணவு இடைவேளை, பயிற்சி, கூட்டம் எனத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஊழியர் வழக்கில் இவை 'ஆக்ஸ்' எனப்படும். முன்பே வகுத்த அட்டவணையோடு இக்குறியீடுகளின் நேரம் ஒப்பிடப்பட்டு 'அட்ஹெரன்ஸ்' என்னும் விழுக்காடு கணக்கிடப்படுகிறது. 4 மணிக்கு வகுக்கப்பட்ட இடைவேளையை, நீண்ட அழைப்பு ஒன்றை முடித்துவிட்டு 4.12க்கு ஒருவர் எடுத்தால், அவர் எடுத்த 15 நிமிடம் கூடவோ குறையவோ இல்லை. ஆயினும் விலகலைத் திருத்தாதவரை அவருடைய விழுக்காடு குறையும். வாடிக்கையாளரிடம் பொறுமை காட்டியதற்கும் இடைவேளையை மிகுதியாக எடுத்ததற்கும் எண் வேறுபாடு காட்டுவதில்லை.

இங்கு நிகழ்வது பதிவின் திசைமாற்றம். தொழிற்சாலைச் சுவரின் அறிவிப்பு, இடைவேளைக்குமுன் எழுதப்பட்டு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தியது. கண்காணிப்புப் பதிவு, இடைவேளைக்குப்பின் எழுதப்பட்டு ஊழியரைக் கட்டுப்படுத்துகிறது. முன்னது இடைவேளையின் குறைந்த அளவைக் காத்தது. பின்னது அதன் மிகுந்த அளவை மட்டுமே பார்க்கிறது. வழங்கப்பட்ட 30 நிமிடத்தில் 20 நிமிடமே எடுத்துத் திரும்பியவரைக் குறித்து எந்த எச்சரிக்கையும் எழாது. 32 நிமிடம் எடுத்தவரின் பெயர் சிவப்பில் ஒளிரும். சட்டத்தின் நோக்கில் பார்த்தால் எச்சரிக்கை எழவேண்டியது முன்னவரைக் குறித்தே.

ஊதியப் பிடித்தத்திலும் இத்திசைமாற்றத்தின் விளைவைக் காணலாம். 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பணியில் இல்லாத நேரத்தின் விகிதத்திற்கு மேல் பிடித்தம் செய்தல் கூடாது என்றது. ஊதியத் தொகுப்புச் சட்டமும் இந்நெறியைத் தொடர்கிறது. ஆகவே பத்து நிமிடத் தாமதத்திற்கு அரைநாள் ஊதியத்தைப் பிடிப்பதற்கு இந்நெறியில் இடமில்லை. ஆனால் அத்தாமதம் ஊக்கத்தொகைக்கான மதிப்பெண்ணைக் குறைக்கும்போது அது 'பிடித்தம்' என்னும் பெயரைப் பெறுவதில்லை. சட்டம் காக்கும் எல்லைக்கு வெளியே இழப்பு நிகழ்ந்துவிடுகிறது.

4. பெண்ணுடலும் நிமிடக் கணக்கும்

நிமிடக் கணக்கு அனைவருக்கும் ஒன்றாக இருப்பதால் நடுநிலையானது போலத் தோன்றும். மாதவிடாய்க் காலத்தில் உள்ளவர், கருவுற்றவர், நீரிழிவு உள்ளவர் ஆகியோருக்கு ஒரே கணக்கு ஒரே சுமையாக அமைவதில்லை. கழிப்பறை தொலைவில் இருக்கும் கூடத்தில், செல்லும் நேரமும் வரிசையில் நிற்கும் நேரமும் தொழிலாளியின் கணக்கிலேயே சேர்கின்றன. போதிய கழிப்பறைகளை அமைக்காத நிர்வாகத்தின் குறை, தொழிலாளியின் தாமதமாகப் பெயர் மாறுகிறது. இதைத் தவிர்க்கத் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொள்ளுதல் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கும், வெப்பம் மிகுந்த கூடங்களில் உடல்நீர் வறட்சிக்கும் வழிவகுக்கும்.

1961ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பயன் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை, வழக்கமான ஓய்வுக்கு மேலாக இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை வழங்கியது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவ்வேற்பாடு தொடர்கிறது. இடைவேளை அனைவருக்கும் ஒரே அளவினதாக இருக்கவேண்டியதில்லை என்பதற்குச் சட்டமே தந்த முன்மாதிரி இது. கண்காணிப்பு மென்பொருளில் இதற்கெனத் தனிக் குறியீடு இல்லையெனில், சட்டப்படியான உரிமை 'பிற' என்னும் தலைப்பின்கீழ் விளக்கம் கேட்கப்படும் நேரமாகிவிடும்.

5. பதிவு யாருக்குச் சான்று?

பிரான்சின் தனியுரிமைக் காப்பு ஆணையமான சினில், 2023 திசம்பர் 27இல் அமேசானின் பிரெஞ்சுக் கிடங்கு நிறுவனத்திற்கு 3 கோடியே 20 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. பொருளை வருடும் கருவி வழியே, பத்து நிமிடமும் அதற்கு மேலுமான செயலின்மை தனியாகவும், ஒன்று முதல் பத்து நிமிடம் வரையிலான இடைவெளிகள் தனியாகவும் ஒவ்வோர் ஊழியருக்கும் பதிவாகின. ஒவ்வொரு சிறு நிறுத்தத்திற்கும் ஊழியர் விளக்கமளிக்கும் நிலைக்குத் தள்ளும் அளவுக்கு நுணுக்கமான அளவீடு மிகையானது என்பது ஆணையத்தின் கருத்து. நிறுவனம் இம்முடிவை ஏற்க மறுத்தது. பதிவுசெய்தலே தவறு என ஆணையம் கூறவில்லை; அளவின் நுணுக்கம் நோக்கத்திற்குப் பொருந்தவேண்டும் என்பதே அதன் வாதம்.

கலிபோர்னியாவில் 2022 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள கிடங்குத் தொழிலாளர் சட்டம் வேறொரு வழியை மேற்கொள்கிறது. உணவு இடைவேளை, ஓய்வு, கழிப்பறைப் பயன்பாடு ஆகியவற்றுக்கு இடையூறாகும் வேலை இலக்கை அது தடைசெய்கிறது. தம் இலக்கையும் தம் வேகம் குறித்த அண்மைய 90 நாள் பதிவையும் கேட்டுப்பெறும் உரிமையை முறைப்படி வழங்குகிறது. அதே மாநிலத்தின் உச்சநீதிமன்றம் 2021இல் டோனஹியூ வழக்கில் அளித்த தீர்ப்பு இன்னும் நுட்பமானது. அவ்வழக்கில் நேரப்பதிவு மென்பொருள் பத்து நிமிடங்களுக்கு முழுமைப்படுத்தியது, அதனால் 11.02க்குச் சென்று 11.25க்குத் திரும்பியவரின் 23 நிமிடம் ஏட்டில் 30 நிமிடமாகிவிடும். உணவு இடைவேளையில் இவ்வாறு முழுமைப்படுத்துதல் கூடாது என்றும், பதிவு குறைவான இடைவேளையைக் காட்டினால் விதிமீறல் நிகழ்ந்ததாகவே முதற்கண் கொள்ளப்படும் என்றும் நீதிமன்றம் கூறியது. இங்கு நுணுக்கமான பதிவே தொழிலாளிக்குக் காப்பாகிறது.

இவ்விரு சான்றுகளும் முரண்பட்டவை போலத் தோன்றினும் ஒரே நெறியைச் சுட்டுகின்றன. ஓய்வு குறைந்ததை மெய்ப்பிக்கும் பதிவு தொழிலாளிக்குத் தேவை. ஓய்வின் ஒவ்வொரு நொடிக்கும் விளக்கம் கேட்கும் பதிவு தேவையில்லை.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பு தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்றது. 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காக ஊழியரின் ஒப்புதல் இன்றியே தரவைக் கையாள 7ஆம் பிரிவில் இடமளிக்கிறது. தம் தரவைக் கேட்டறியும் உரிமையை 11ஆம் பிரிவு ஒப்புதல் அளித்தவர்களோடு இணைத்துப் பேசுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒப்புதல் கேட்கப்படாத ஊழியருக்குத் தம் இடைவேளைப் பதிவைக் கேட்டுப்பெறும் உரிமை இச்சட்டத்தில் வெளிப்படையாக இல்லை. தொழிற்சாலைச் சுவரில் எவரும் படிக்கத்தக்கதாக இருந்த தகவல், இன்று அதற்குரியவரே படிக்க இயலாததாக மாறக்கூடும்.

முடிவுரை

கண்காணிப்பை முற்றிலும் நீக்கவேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவு அன்று. மாற்றாள் வைத்து இயங்கும் ஆலைக்கும் தொடர்ந்து அழைப்பு ஏற்கும் மையத்திற்கும் யார் எப்போது இடத்தில் இல்லை என்னும் தகவல் தேவை. அத்தகவல் முறையாக அமைய நான்கு நெறிகளை மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறலாம். முதலாவது, எது, எதற்காக, எவ்வளவு காலம் பதிவாகிறது என்பது 61ஆம் பிரிவின் அறிவிப்பைப்போல் முன்கூட்டியே தொழிலாளர் மொழியில் ஒட்டப்பட வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997இல் வெளியிட்ட தொழிலாளர் தனிநபர் தரவு குறித்த நடைமுறை நெறியும் முன்னறிவிப்பை வலியுறுத்துகிறது. இரண்டாவது, தம் பதிவைத் தாமே காணவும் திருத்தம் கோரவும் தொழிலாளிக்கு உரிமை வேண்டும். மூன்றாவது, கழிப்பறைக்குச் சென்ற நேரம் மதிப்பீட்டில் சேர்க்கப்படுதல் கூடாது. நான்காவது, மிகுதியான இடைவேளைக்கு எச்சரிக்கை எழுப்பும் மென்பொருள் குறைவான இடைவேளைக்கும் எச்சரிக்கை எழுப்பவேண்டும். அவ்வெச்சரிக்கை மேற்பார்வையாளரின் கணக்கில் சேரவேண்டும்.

இவற்றுள் நான்காவது நெறியே எளிதில் செயற்படுத்தத்தக்கது. தரவு ஏற்கெனவே உள்ளது. புதிய கருவி எதுவும் வேண்டா. அதே ஏட்டை மறுபக்கத்திலிருந்தும் படிக்கும் மனமே வேண்டும். புதிய தொகுப்புச் சட்டத்தின்கீழ் மாநில அரசுகள் இடைவேளை குறித்த அறிவிக்கைகளை வெளியிடும் காலம் இது. அரைமணி நேரத்தின் அளவோடு நின்றுவிடாமல், அதன் பதிவை யார் வைத்திருப்பது, யார் படிப்பது என்பதையும் அவ்வறிவிக்கைகள் வரையறுக்குமாயின், 1918இல் பெரம்பூர்த் தொழிலாளர் எழுப்பிய வினாவுக்கு இக்காலத்திற்கேற்ற விடை கிடைக்கும்.